பிரிக்காத பெட்டிகள்

போர் விமான மாடல் கிட் சேர்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் தனுஷ்கோடியின் மனைவி பூங்கோதை போட்ட செய்தியைப் பார்த்ததுமே, ஜெயபாண்டி பேரையூரிலிருந்து கே.கே. நகருக்கு ஓடி வந்துவிட்டான்.

‘இனி இவற்றைத் தொட ஆளில்லை. வேண்டியவர் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம்.’

கூடத்து அலமாரி நிறையப் பிளாஸ்டிக் விமானங்களும் டாங்கிகளும் பிரிக்காத பெட்டிகளில் இருந்தன. நாலு வருஷம் கெஞ்சியும் தனுஷ்கோடி தர மறுத்த குண்டுவீச்சு விமானமும் இருந்தது. முதலில் அதைத்தான் எடுத்தான்.

“அண்ணே போயிட்டாருன்னு நம்பவே முடியலக்கா.”

“ஒண்ணு விடாம எடுத்துக்கங்க தம்பி.”

“உங்க மகளுக்கு ஞாபகமா ஒண்ணாச்சும் வேணாமா?”

“அவளுக்கு ஞாபகம் கையிலயே இருக்கு. ஏழு வயசுல ஒரு பெட்டியப் பிரிச்சுட்டான்னு, சூடா இருந்த அயர்ன் பாக்ஸை எடுத்து வச்சாரு.”

அதைக் கேட்டும் ஜெயபாண்டியின் கை பெட்டியை விடவில்லை. அலமாரியை மொத்தமாக வழித்து மூன்று சாக்கில் கட்டினான்.

“அண்ணன் படத்தக் காட்டுங்கக்கா, கும்பிட்டுட்டுப் போறேன்.”

“படம் எதுக்கு? ஆளையே பாத்துட்டுப் போங்க.”

ஒருக்களித்திருந்த அறைக்கதவை அவள் முழுதாகத் திறந்தாள். கட்டிலில் தனுஷ்கோடி கிடந்தார். அசைவே இல்லை. கண்கள் மட்டும் சாக்குகளின் மேலேயே இருந்தன, இரண்டும் வழிந்துகொண்டிருந்தன.

“பக்கவாதம். வாயும் வராது, கையும் வராது. பார்வை மட்டும் நல்லாத் தெரியும்னு டாக்டர் சொன்னாரு. அதான் காலையிலயே கட்டில அலமாரியப் பாக்கத் திருப்பிப் போட்டேன்.”