காற்றரசனின் கறுப்பு உடை

ஓர் அச்சகத்தில் சாம்பல், நீலம், கறுப்பு என்று மூன்று மை டப்பாக்கள் இருந்தன. மாதந்தோறும் அங்கே காற்றரசன் என்ற வீரனின் சித்திரக்கதை அச்சாகும்.

முதல் இதழில் காற்றரசன் சாம்பல் உடையில் பறந்தான். அந்த நிறம் பக்கத்துக்குப் பக்கம் வேறாக விழுந்ததால், அடுத்த இதழில் அவனுக்கு நீல உடை கொடுத்தார்கள்.

"என்ன சாம்பலண்ணே, ஓய்வா?" என்று நீலம் சீண்டியது.

"சிரிச்சுக்கோடா. உன் சாயம் எத்தனை நாள் ஒட்டுதுன்னு பார்க்கலாம்."

வீரனின் கை, கால், உடை மடிப்பு எல்லாவற்றுக்கும் கோடு போடுவது கறுப்பின் வேலை. வாசகர்கள் நீலத்தையே புகழ்வது அதற்கு வலித்தது. ஒரே ஓர் இதழிலாவது தான் அவனுடைய உடையாக வேண்டும் என்று ஏங்கியது.

வாசகர்களுக்கு நீலமும் சலித்தபோது, ஓவியர் கறுப்பு உடையைத் தேர்ந்தெடுத்தார். கறுப்புக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் தாள் வெளியே வந்தது. காற்றரசனின் முகத்துக்குக் கீழே பெரிய கரிய திட்டு மட்டுமே இருந்தது. கறுப்பின் மேல் விழுந்த கறுப்புக் கோடு ஒன்றுகூடத் தெரியவில்லை.

"ஐயோ, அவன் கை எங்கே?" என்று கறுப்பு பதறியது.

ஓவியர் யோசித்து, அந்தத் திட்டுக்குள் மெல்லிய இடைவெளிகள் விட்டு, அங்கே நீலம் கோடுகளாக விழும்படி மாற்றினார். தோள் தெரிந்தது. முழங்கை தெரிந்தது.

"இத்தனை காலமா இதையா நான் செஞ்சுக்கிட்டிருந்தேன்?" என்றது கறுப்பு.

"ஆமாம்ப்பா," என்றது நீலம். "கொஞ்சம் தள்ளிக்கோ, கட்டைவிரல் இன்னும் பாக்கியிருக்கு."