ரீஸ்டார்ட் ஆகாத சரஸ்வதி

“அப்பா, சாமி ஏன் ரீஸ்டார்ட் ஆவுது?”

போன வருஷ ஆயுத பூஜையில் கன்னையாவின் ஐந்து வயது மகள் தாமரை இப்படிக் கேட்டாள். கிள்ளானில் அவருடைய சரக்கு ஏற்றுமதி அலுவலகத்தில், எல்லாக் கம்ப்யூட்டர் திரையிலும் சரஸ்வதி படத்தை வரவழைத்து, பொட்டிட்டு, மாலை போட்டு ஆரத்தி எடுப்பது வழக்கம். அன்றைக்கென்று பார்த்து ஆரத்தி நேரத்தில் அத்தனை திரையும் இருண்டு, ‘அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள்’ என்றன.

இந்த வருஷம் கன்னையா முன்கூட்டியே முடிவெடுத்து, சாஃப்ட்வேர் விற்க வந்த இருவரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டார்.

“எல்லா கம்ப்யூட்டர் அப்டேட்டையும் ஒரே இடத்துலேருந்து கட்டி மேய்க்கிற சாஃப்ட்வேர் ஒண்ணு வாங்கப்போறேன். டெக்னிக்கல் எல்லாம் எனக்குத் தெரியாது. பாதிக்கு பிரவின் சாஃப்ட்வேர், பாதிக்கு ஹாசிம் சாஃப்ட்வேர். ஆயுத பூஜையன்னைக்கு யார் சைடுல அம்மா கண்ணை மூடாம இருக்காங்களோ, அவருக்குத்தான் கான்ட்ராக்ட்.”

இது கிடைக்காவிட்டால் ரவாங்கில் இருக்கும் தன் சின்னக் கடையை மூடிவிட்டு, பிரவின் மறுபடி யாரிடமாவது சம்பளத்துக்குப் போக வேண்டியதுதான்.

பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. ராகு காலம் கழித்து ஒரு மணிக்கு ஆரத்தி. ஹாசிம் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பினார். “சாப்பாட்டுக்கு வந்துடுறேன் தம்பி” என்று பிரவின் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

“லேப்டாப், ஃபோன் எல்லாத்தையும் சாமிகிட்ட வையி பிரவின்” என்றார் கன்னையா. “தொழில் செய்யற சாமான். பூஜை முடியற வரைக்கும் தொடக்கூடாது.”

கணக்குப் பார்க்கும் லோகேஸ்வரி அவன் ஃபோனுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டே கேட்டாள். “ஆமா, இன்னைக்கு பூஜைன்னு உங்க சாஃப்ட்வேருக்கெல்லாம் எப்படித் தெரியும்?”

“கவர்மென்ட் லீவு பட்டியலைக் குடுத்து, அன்னைக்கெல்லாம் சும்மா இருன்னு சொல்லிடலாம்கா. மத்த நாள்ல சாப்பாட்டு நேரம் பார்த்து, ஒரு மணிக்கு அப்டேட் ஆர்டர் வரும்.”

“இன்னைக்கு ஏது கவர்மென்ட் லீவு? இந்த நாட்டுல தீபாவளிக்குத்தானே லீவு? எம்மவன் ஸ்கூலுக்குப் போயிருக்கான்லா.”

பிரவின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். இன்னும் சில நிமிடங்களில் பாதித் திரைகள் இருண்டுவிடும்.

கன்னையா சூடத்தை ஏற்றினார்.

“அங்கிள், ஒரு நிமிஷம்...”

“எதுவா இருந்தாலும் ஆரத்திக்கு அப்புறம்.”

“அர்ஜன்ட் அங்கிள். டாய்லெட்.”

மணி அடித்த கை நின்றது. “நேத்து என்னத்தத் தின்னுச்சோ” என்று லோகேஸ்வரி முணுமுணுத்தாள். யாரோ சிரித்தார்கள்.

கழிவறைப் பக்கம் போன பிரவின், யாரும் பார்க்காதபோது சர்வர் அறைக்குள் நுழைந்தான். வெளியிலிருந்து ஆர்டர்கள் வரும் கேபிளைப் பிடுங்கினான். மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே கும்பிட்டான். மணிச் சத்தம் கேட்டது. ஒரு மணி கடந்தது. யாரும் கூச்சல் போடவில்லை. தவறிய ஆர்டர் இனி நாளைக்குத்தான் வரும். கேபிளைத் திரும்பச் செருகிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான்.

இலை போட்டபோது சொங்கோக் தொப்பியைக் கழற்றியபடி ஹாசிமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ரெண்டு சைடும் சமர்த்தா இருந்துச்சு” என்றார் கன்னையா. “யாரை வேணாம்னு சொல்றது? கோவிச்சுக்காதே பிரவின். ஆரத்தி நடுவுல எழுந்து ஓடுற ஆளை எப்படிப்பா நம்புறது? ஹாசிமுக்கே குடுத்துடுறேன்.”

“என்ன தம்பி, வயிறு சரியில்லையா?” என்று ஹாசிம் நிஜமான கவலையோடு கேட்டார்.

“இப்ப சரியாயிடுச்சுண்ணே” என்று தன் வடையை அவர் இலைக்குத் தள்ளினான் பிரவின்.

மனைவியின் பிரசவத்துக்காக அவன் ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்த வாரம், அவன் வாடிக்கையாளர்களில் ஒருவரையும் இழந்துவிடாதபடி, அவன் பெயரிலேயே ஓடி ஓடி வேலை பார்த்துக் கொடுத்துவிட்டு, இன்றுவரை அதைப் பற்றி வாய் திறக்காதவர் ஹாசிம். நேற்று இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தபோது, பிரவின் தன் பாதிக்கான இன்றைய அப்டேட்டைக் கையாலேயே நிறுத்தி வைத்துவிட்டான். லீவு பட்டியலை நம்பித் தன் பாதியை அப்படியே விட்டிருந்தவர் ஹாசிம்தான்.