ஆறாவது இடம்

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வானம் ஈயம்போலக் கறுத்துக் கிடக்கிறது. கல்லூரி அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்து எடுக்கும் நாள். ஆறாவது முறை இந்த அறையில் இருக்கும் அணியுடையது. மேலாளர் வெண்டெல் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்கிறார். மறுமுனையில் வேறோர் அணி அந்த ஆறாவது இடத்தைக் கேட்கிறது. பதிலுக்குத் தன் ஒன்பதாவது இடத்தையும் அடுத்த வருட முதல் சுற்றில் தன் முறையையும் தருகிறது. ஒலி அணைத்த தொலைக்காட்சியில், ஒகையோவில் தன் வீட்டுச் சோபாவில், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான் டேரியன், பந்தெறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக். எடுக்க வேண்டியவர்களை இவர்கள் வரிசைப்படுத்திய பலகையின் உச்சியில் இருப்பது அவன் பெயர்தான். எடுக்கிற அணி, பெயரை அறிவிக்கும் முன் ஆளைத்தான் தொலைபேசியில் கூப்பிடும். அவன் மடியில் கைபேசி இருண்டு கிடக்கிறது. “ஒன்பது வரைக்கும் இவன் இருப்பானா?” ரிசீவரைப் பொத்திக்கொண்டு கேட்கிறார் வெண்டெல். “தாராளமா இருப்பான். அவங்ககிட்டதான் நல்ல குவார்ட்டர்பேக் இருக்கானே, இவன் எதுக்கு?” என்கிறான் உதவியாளன் கர்ட். ஆள் தேடி ஊரூராய் அலையும் லொரெய்ன் ஆறிப்போன பீட்சாவைத் தொடவில்லை. “பசிக்காதவன் பந்திக்கு முந்த மாட்டான், வெண்டெல்.” கர்ட் சிரிக்கிறான். வெண்டெலும் லேசாகச் சிரித்து, “சரி, எடுத்துக்கோங்க” என்று ரிசீவரை வைக்கிறார். முதுகில் தட்டுகிறார்கள், யாரோ கோலா உடைக்கிறார்கள். லொரெய்ன் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். டேரியனின் மடியில் வெளிச்சம் வருகிறது. அவன் அம்மா வாயைப் பொத்திக்கொள்கிறாள்.