நாலாவது ஆள்

“மாத்தம் ஒண்ணும் இல்லை டீச்சர். போன தடவை எழுதின அதே மூணு பேர்தான்” என்றார் கொத்தனார்.

“இல்லை, நாலு” என்றபடி உள்ளேயிருந்து வந்தாள் அவர் மனைவி.

மக்கள்தொகைக் கணக்கைச் சரிபார்க்க வந்திருந்த டீச்சர் நிமிர்ந்தாள். மூன்று வாரம் முன்பு, நிறைமாத வயிற்றோடு இதே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் இவள். இப்போது வயிறு சிறுத்திருந்தது.

“அடடே, பிறந்தாச்சா! என்ன குழந்தை?”

“பொண்ணு. வெள்ளிக்கிழமை பிறந்தா.”

“அப்போ நாலுதானே? நீங்க என்னப்பா மூணுங்கிறீங்க?”

கொத்தனார் திரும்பினார். “நீ உள்ளே போ” என்றார் மனைவியிடம்.

“போகமாட்டேன். அவங்க எழுதுறதைப் பார்த்துட்டுத்தான் போவேன்.”

கட்டிலில் கிடந்த கொத்தனாரின் அப்பா காதருகே கையைக் குவித்தார். “வயசு கேக்குறாங்களா? எனக்கு அறுபதுன்னு போடும்மா.”

“மூணு வாரத்துக்கு முன்னாடி அறுபத்தெட்டுன்னு சொன்னீங்களே பெரியவரே?”

“அன்னிக்கு உடம்பு சரியில்லை.”

டீச்சர் மட்டும் சிரித்தாள். கணவனும் மனைவியும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சருக்கு விஷயம் பிடிபட்டது போலிருந்தது. இந்த ஊரில் ஆண்களைவிடப் பெண்கள் எண்ணிக்கை ஏன் இவ்வளவு குறைவு என்று நேற்றுத்தான் யோசித்திருந்தாள். சுருக்கென்று கோபம் வந்தது.

“பொண்ணாப் பிறந்தா ஆள் கணக்குல சேராதா? பெத்த அப்பாவே மறைச்சா எப்படி?”

“அதில்லை டீச்சர்...” என்று குரலை உயர்த்தியவர், மனைவியின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

“மெதுவாப் பேசுங்க, குழந்தை எழுந்துடப் போகுது. நீ சொல்லும்மா, பேர் என்ன?” என்று டீச்சர் அவள் பக்கம் திரும்பினாள்.

“இன்னும் வைக்கலை.”

“பரவாயில்லை, பெண் குழந்தைன்னு எழுதிக்கிறேன். வயசு பூஜ்யம்.”

“பூஜ்யமா?” அவள் படிவத்தை எட்டிப் பார்த்தாள். “நாள் கணக்கெல்லாம் எழுத மாட்டீங்களா?”

“ஒரு வயசு முடியலைன்னா பூஜ்யம்தான்மா. எல்லாருக்கும் அப்படித்தான்.”

“சரி. ஆனா எழுதினதை அப்புறம் யாரும் அடிச்சிட முடியாதே?”

“முடியவே முடியாது. ஒண்ணாம் தேதி பிறக்குற ராத்திரி, சரியாப் பன்னிரண்டு மணிக்கு யார் யார் இருந்தாங்களோ, அத்தனை பேரும் இந்தக் கணக்குல உண்டு.”

“இருந்தா டீச்சர். என் மடியிலதான் இருந்தா. கடிகாரத்தைப் பார்த்தேன்.”

டீச்சர் நான்காவது வரியை நிரப்பினாள். கொத்தனாரின் மனைவி குனிந்து, மை காயாத எழுத்தின் மேல் விரல் படாமல், ஓரத்தில் மட்டும் தொட்டுப் பார்த்தாள்.

“திருப்தியா? எங்கே, நம்ம ஊருக்கு வந்த புது ஆளை எனக்குக் காட்டு பார்ப்போம்.”

கொத்தனார் தோள் துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“விடியக்காலம் நாலு மணிக்குத்தான் டீச்சர் மூச்சு நின்னுச்சு” என்றாள் அவள். “பன்னிரண்டு மணிக்கு உயிரோடதான் இருந்தா.”