பெரிய பாதி

கல்குவாரியில் ஒன்றாக ஜல்லிக்கூடை சுமந்த வீராயிக்கும் அவளுக்கு மூத்தவளான செல்லக்கிளிக்கும் ஒரே வருஷத்தில் மார்பில் கட்டி வந்தது. வீராயிக்கு எலுமிச்சை அளவு. செல்லக்கிளிக்குச் சுண்டைக்காய் அளவுதான்.

"என்னுத வத்தக்கொழம்புல போட்டுரலாம். ஒன்னுதுக்குத்தாண்டி ஊறுகா ஜாடி வேணும்" என்று ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து செல்லக்கிளி அவளைச் சிரிக்க வைத்தாள்.

இருவருக்கும் அறுத்து எடுத்தார்கள். ஊசி மருந்தும் ஏற்றினார்கள். அதன்பின் டாக்டரம்மா வீராயிக்கு மட்டும் தினம் ஒரு மாத்திரை எழுதினார்.

"அக்காவுக்கு?"

"கட்டி பெருசா சின்னதாங்கிறதுல ஒண்ணும் இல்லம்மா. எந்த செல்லுல பொறந்துச்சோ அந்தக் குணம்தான் அதுக்கு. உன்னுது இந்த மாத்திரைக்கு அடங்கும். அவங்களுது அடங்காது."

அடங்கவில்லை. ஒன்றரை வருஷத்தில் நுரையீரலுக்கு ஏறி, செல்லக்கிளியைப் பாயோடு போட்டது.

வீராயி தினமும் காலையில் கஞ்சியோடு போவாள். தன் மாத்திரையையும் அங்கேயே விழுங்குவாள். ஒருநாள் செல்லக்கிளி கஞ்சியைத் தள்ளிவிட்டு, "நீ முழுங்குறியே, அதுல எனக்கும் கொஞ்சம் தாடி" என்றாள்.

டாக்டரம்மா சொன்னது வீராயியின் நாக்குநுனி வரை வந்தது. குவாரியில் வேலை செய்த நாளில் இருவருக்கும் ஒரே கொட்டைப்பாக்குதான். வீராயி பல்லால் கடித்து உடைப்பாள். பெரிய பாதி மூத்தவளுக்கு.

மாத்திரையைக் கடைவாயில் வைத்துக் கடித்தாள். உள்ளங்கையில் துப்பி, பெரியது எதுவென்று வெளிச்சத்தில் பார்த்து நீட்டினாள்.

செல்லக்கிளி உடனே வாங்கவில்லை.

"மிச்சம் ஒனக்குப் பத்துமாடி?" என்றாள்.