மஞ்சள் நூல்

குண்டு துளைக்காத அந்த நூலைச் சகாயராணிதான் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினாள். அதில் நெய்த கவசத்தால் பல போலீஸ்காரர்கள் உயிரோடு வீடு திரும்பினார்கள். அவளுடைய தம்பியும் அவர்களில் ஒருவன். அன்று தம்பி வீட்டு மொட்டைமாடியில், கவசத்தின் பின்பக்கத் துணி வெயிலில் தொங்கியது. அதில் மஞ்சள் நிறமே இல்லை.

“வாங்க மதினி” என்றாள் தம்பி மனைவி ஜெயசீலி. “ஒரே மஞ்சக் கறை. ராத்திரி பூரா பிளீச்சிங் பவுடர்ல ஊறப்போட்டேன். இட்லித் துணி மாதிரி ஆயிருச்சு பாருங்க.”

“அது கறை இல்லடி, நூலோட நிறம். முன்பக்கம் எங்க?”

“அது முதல்லயே காஞ்சிருச்சு. அத மாட்டிக்கிட்டுத்தான் காட்டுக்குப் போயிருக்காக. துப்பாக்கியோட ஆளுங்க பதுங்கியிருக்காங்களாம். அக்கா செஞ்சது இருக்கு, எனக்கென்ன பயம்னு சிரிச்சாக.”

சகாயராணி தம்பியை அழைத்தாள். போன் கிடைக்கவில்லை. கொடியருகே போய், ஓரத்தில் பிரிந்திருந்த இழையை விரலில் சுற்றி இழுத்தாள். இயந்திரம் இழுத்தும் அறாத அந்த நூல், சத்தமே இல்லாமல் அறுந்தது.

“ஐயோ, பிச்சிறாதீங்க மதினி” என்றாள் ஜெயசீலி. “அவுக வந்ததும் மாட்டணும்ல.”