ஒபீலியாவும் கோரையும்

கோகுல்நாத் வாயைத் திறந்ததுமே தேவிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கே.கே. நகரில் அந்தப் பள்ளிக்கூடத்தில் உயிரியல் ஆசிரியர் வேலை ஒன்றே ஒன்றுதான் காலி. வடிகட்டியதில் மிஞ்சியவர்கள் இவர்கள் இரண்டு பேர். ஒபீலியாவையும் கோரையையும் ஒப்பிட்டு ஆளுக்கொரு வகுப்பு எடுக்க வேண்டும் என்று சனிக்கிழமையே சொல்லி அனுப்பியிருந்தார்கள். தாளாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“ஒபீலியா பார்க்கத்தான் செடி. கடல் பாறையில ஒட்டிக்கிட்டுக் கிளைவிட்டிருக்கிற பிராணி அது.”

அது தேவிகா வைத்திருந்த ஆரம்பம்.

அடப்பாவி என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதோடு விட்டானா? கோரைத் தண்டை விரலில் உருட்டி, இது புல் இல்லை, மூன்று பட்டை பாருங்கள் என்றான். ஒபீலியா தனி உயிர் இல்லை, ஒட்டிப் பிறந்த கூட்டம், அதில் ஒரு வாய் இரை தின்றால் கூட்டத்துக்கே வயிறு நிறையும் என்றான். இரண்டுமே அடியில் படர்ந்து பிழைப்பவை என்றான். ஒவ்வொன்றும் அவள் மண்டையை உடைத்துக்கொண்டு சேர்த்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தான்.

அடுத்து அவள்.

அவன் சொன்னதையே திருப்பிச் சொல்ல மானம் இடம் கொடுக்குமா? கோரை வெயிலில் தன் சாப்பாட்டைத் தானே செய்துகொள்ளும், ஒபீலியா இரையைப் பிடித்துத் தின்றாக வேண்டும். இதை மட்டும்தான் அந்த மனுஷன் மறந்திருந்தான். அந்த ஒன்றை வைத்தே பாடத்தை ஓட்டினாள். மணி அடித்த பிறகும் பிள்ளைகள் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தாளாளர் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“உங்க வகுப்புதான்மா ஒருபடி மேல. ஆனா தம்பி குடும்பஸ்தரு. சம்சாரம், கைப்பிள்ளைன்னு காப்பாத்தணும்ல. நீங்க கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போங்க.”

கோகுல்நாத் கைகூப்பி நன்றி சொன்னான்.

அதுவரை பொறுத்தவளுக்கு அதற்கு மேல் முடியவில்லை.

“அந்தச் சம்சாரம் நான்தான் சார். நேத்து அடுப்படியில வச்சு இவருக்கு நான் சொல்லிக் காட்டுன பாடத்தைத்தான் முதல்ல கேட்டீங்க.”